மாற்றிக் கொடுத்த ஜோடி

குறை சொல்லத் திரும்பி வராத வாடிக்கையாளருக்கு நாம் ஏதேனும் கடமைப்பட்டிருக்கிறோமா?

கடைத்தளத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இந்தக் கேள்வி சற்று விநோதமாகத் தோன்றலாம். வந்து நிற்பவரை எப்படி வரவேற்பது, கோபத்தோடு வருபவரை எப்படி அமர வைப்பது, எந்தக் குறைக்கு மாற்று ஜோடி தரலாம், எதற்குத் தரக்கூடாது என்பதையெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். வராதவரைப் பற்றி எந்த வகுப்பிலும் பேச்சு எழுவதில்லை. என் பணிக்காலத்தின் கடைசி ரம்ஜான் பருவத்தில் வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள நம் கடையில் ஒருவர் வந்து நிற்கும்வரை எனக்குள்ளும் அந்தக் கேள்வி எழுந்ததில்லை.

வேலூரில் சமூகப்பணி படித்துவிட்டு, ஆம்பூரில் நம் காலணித் தொழிற்சாலைக்கு நல அலுவலராக வந்தவள் நான். தையல் பிரிவுப் பெண்களின் பேருந்து, குழந்தைகள் காப்பகம், உணவுக்கூடம், சில நேரங்களில் அவர்கள் வீட்டுச் சண்டை என்று பல ஆண்டுகள் போயின. நெடுஞ்சாலையில் நிறுவனம் சொந்தக் கடைகளைத் திறந்தபோது வாடிக்கையாளர் சேவைப் பொறுப்புக்கு என்னை மாற்றினார்கள். காலணியைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. குறை கேட்டுப் பழகியவள் என்பதே நான் தேர்வானதற்குக் காரணம்.

பிறகு பெருந்தொற்று வந்தது. வெளிநாட்டு ஆர்டர்கள் ஒவ்வொன்றாக ரத்தாயின. கடைகளைப் பூட்டினோம். விற்பனைப் பெண்களை வீட்டுக்கு அனுப்பும் வேலையும் என்னிடமே வந்தது. “திரும்பக் கூப்பிடுவோம்” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சொல்லும்போது அதை நானே நம்பினேனா என்பதை இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மீட்சி மெதுவாகத்தான் வந்தது. தொழில் தலைதூக்குகிறது என்று செய்தித்தாள்கள் எழுதுவதற்கு முன்பே காலணிக் கடைக்கு அது தெரிந்துவிடும். முதலில் பள்ளி ஷூ விற்கும். அதன்பின் கறுப்பு ஷூ விற்கத் தொடங்கும். கறுப்பு ஷூ வாங்க வருபவருக்குப் பெரும்பாலும் வேலை கிடைத்திருக்கும். ஓட்டல் பணியாளர், மருத்துவமனை உதவியாளர், காவலாளி, வீடு வீடாகப் போகும் விற்பனைப் பிரதிநிதி என்று வந்தார்கள். கடைக் கண்ணாடியின் முன் இரண்டு எட்டு நடந்து பார்க்கும்போது அவர்கள் ஷூவை மட்டும் பார்ப்பதில்லை. நிமிர்ந்து தங்களையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். நீங்களும் இதைக் கவனித்திருப்பீர்கள்.

அவர்களுக்கு ஏற்ற சரக்கும் நம்மிடம் இருந்தது. ரத்தான ஆர்டர்களில் ஒன்று, கயிறு கட்டும் கறுப்பு ஷூ. மெத்தென்ற பாலியூரித்தேன் சோல், தொழிலில் பி.யூ. சோல் என்போம். கப்பலேறத் தயாராக இருந்த நிலையில் வாங்குபவர் கைவிட்டுவிட்டதால், ஆம்பூர் குடோனில் பெட்டி பிரிக்கப்படாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. கடைகளின் பொறுப்பை ஏற்றிருந்த முதலாளியின் இளைய மகன் ஜுனைத் பாய் அதைச் சத்துவாச்சாரிக்கு இறக்கினார்.

“ஃபாரின்காரன் வேணாம்னு சொன்னது நம்ம ஊர்க்காரனுக்கு அதிர்ஷ்டம் மேடம்” என்றார்.

அவர் சொன்னது சரியாகவே பட்டது. ஏற்றுமதித் தரத்தில் செய்த ஷூவை உள்ளூர் விலைக்குக் கொடுத்தோம். சரக்கு வேகமாக நகர்ந்தது. அந்த வேகத்தை நம்பித்தான் கலைவாணி உள்ளிட்ட பழைய விற்பனைப் பெண்களைத் திரும்ப அழைத்தோம். பூட்டிக் கிடந்த மேல்விஷாரம் கடையையும் பெருநாள் முடிந்ததும் திறப்பதாக முடிவாயிற்று. குடோனில் மீதமிருந்த இதே சரக்குதான் அந்தக் கடைக்கு மூலதனம். அங்கே வேலைசெய்த பெண்களுக்கு நானே போன்செய்து, வரத் தயாராக இருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

தொடக்கத்தில் நான் சொன்ன அந்த ஒருவர், ஏகாம்பரம், முதல்முறை வந்தபோது நான் கடையில் இல்லை. நடந்ததைக் கலைவாணிதான் பின்னர் சொன்னாள். ஐம்பதைக் கடந்த மனிதர். பள்ளி வேன் ஓட்டியவர். பள்ளிகள் மூடிய காலத்தில் வேன் கையைவிட்டுப் போயிற்று. கிடைத்த வேலைகளையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு காவல் ஒப்பந்த நிறுவனத்தில் சேர்ந்து, வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நம்மிடம் வாங்கிய ஷூவின் சோல் சில வாரங்களிலேயே விரிசல்விட்டுப் பிய்ந்துவிட்டது.

கலைவாணி அவரை உட்கார வைத்தாள், டீ வரவழைத்தாள். அவர் குறையைச் சொல்லி முடிப்பதற்குள் அதே அளவில் புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்து, கயிற்றையும் தானே கோத்துக் கொடுத்தாள். தகராறு செய்யத் தயாராக வந்திருந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாராம். நான் அவளைப் பாராட்டி எல்லாக் கடைகளின் வாட்ஸ்அப் குழுவுக்கும் செய்தி அனுப்பினேன். சேவை என்றால் இப்படி இருக்கவேண்டும் என்றுகூட எழுதினேன்.

இரண்டாம் முறை அவர் வந்தது ரம்ஜான் கூட்டம் தொடங்கிவிட்ட ஒரு பிற்பகலில். குடும்பம் குடும்பமாக மக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு எங்கள் கடை அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்தது. காவலர் சீருடையின் கால்சட்டையும் காலில் ரப்பர் செருப்புமாக ஏகாம்பரம் ஓர் ஓரத்தில் நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

கலைவாணி அவரை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தாள். “இன்னா சார், சைஸ் டைட்டா கீதா?”

“சைஸெல்லாம் கரெக்டா கீதும்மா. சோல்தான் இல்ல.”

கவரைப் பிரித்துக் காட்டினார். மேல்தோல் பளபளவென்று புதிதாக இருந்தது. அடியில் எள்ளுருண்டையை நொறுக்கிப் போட்டதுபோல் கறுப்புத் துகள்கள். கலைவாணி அதற்குள் ஏணியில் ஏறி அதே அடுக்கில் கைவைத்துவிட்டாள்.

“ரெண்டே நிமிஷம் சார், வேற ஜோடி தர்றேன்.”

“வேணாம்மா, எறங்கு. நீ குடுத்தா நான் மறுபடி வாங்கிக்குவேன். அதான் பயமாக் கீது.”

அதைக் கேட்டுத்தான் நான் அவரிடம் போனேன். உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். அவர் உட்காரவில்லை.

“மேடம், போன தடவ நீங்க நல்லாதான் நடந்துகினீங்க. டீயெல்லாம் குடுத்தாங்க இந்தப் பொண்ணு. நான் நேரா ட்யூட்டிக்குப் போய் எல்லார்கிட்டயும் சொன்னேன். இந்த மாரி மரியாதையா மாத்திக் குடுக்கற கடைய நான் பாத்ததில்லன்னு. எங்க ஆளுங்க பாதிப்பேர் என் பேச்சக் கேட்டு இங்கதான் வந்து வாங்கினாங்க. இப்ப எனக்கும் பிஞ்சி போச்சு, இன்னொருத்தனுக்கும் நேத்து பிஞ்சி போச்சு. சூப்பர்வைசரு இன்னா கேக்கறாரு தெரியுமா? கடைக்காரன்கிட்ட எவ்ளோ கமிஷன் வாங்கினேன்னு.”

கலைவாணி ஏணியிலேயே நின்றுவிட்டாள்.

“எல்லாரும் இருக்கும்போது கேட்டாரு. நாளைக்கு ஆபீஸ்லேர்ந்து மேனேஜர் வர்றாராம். அவர் எதிர்ல நிறுத்தி அனுப்பிடுவேன்றாரு. எனக்கு ஷூ வேணாம் மேடம். காசும் வேணாம். உங்கள்ல யாராச்சும் ஒருத்தர் வந்து, இந்த ஆளு எதுவும் வாங்கலன்னு சொல்லணும். அவ்ளோதான்.”

அந்தக் கணத்தில் எனக்கு முதலில் தோன்றியதை உங்களிடம் சொல்கிறேன். நாங்கள் கற்றுத்தந்த எதுவும் தோற்கவில்லை. கனிவு, வேகம், மரியாதை எல்லாம் நினைத்தபடியே வேலை செய்திருந்தன. அவை வேலை செய்ததால்தான் கெட்ட சரக்கு ஒருவரிடமிருந்து பலரிடம் பரவியது. கலைவாணி அன்று அலட்சியமாகப் பேசி அனுப்பியிருந்தால், ஏகாம்பரம் யாரிடமும் நம் கடையைப் பரிந்துரைத்திருக்க மாட்டார். இன்று அவருடைய வேலைக்கும் ஆபத்து வந்திருக்காது.

தொழிற்சாலையின் தர ஆய்வு அலுவலரை போனில் அழைத்தேன். எந்த லாட், அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று கேட்டார். பெட்டியைப் பார்த்துச் சொன்னேன்.

“அது இன்னுமா கீது?” என்றார். பிறகு மெல்லச் சொன்னார்: “பி.யூ. சோல் மேடம். காத்துல கீற ஈரத்த இழுத்துக்கும். ரொம்ப வருஷம் சும்மா வெச்சிருந்தா உள்ளயே நொறுங்க ஆரம்பிச்சிடும். பாக்க புதுசாத்தான் தெரியும். எந்த ஜோடி எப்ப போகும்னு சொல்ல முடியாது. சாதாரணமா நம்ம சரக்கு இவ்ளோ நாள் குடோன்ல நிக்காது. அதான் யாருக்கும் தோணல.”

யாரும் அணியாத பொருள் புதியது என்று நாங்கள் நினைத்திருந்தோம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அனைவருக்கும் இயல்பாக வரும் நினைப்பு அது. பெட்டி பிரிக்கவில்லை, தோலில் சுருக்கம் இல்லை, அப்படியானால் புதியது. தொழில் மந்தம் முடிந்துவிட்டது என்று கணக்கு எழுதிவிட்டோம். அது எங்கள் பெட்டிகளுக்குள் வேலைசெய்துகொண்டே இருந்திருக்கிறது.

ஜுனைத் பாயைக் கல்லாவிலிருந்து பின்னறைக்கு அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். ஆனால் அவர் கேட்ட கேள்விகள் எவையும் எளிதானவை அல்ல.

“எல்லா ஜோடியும் போய்டும்னு சொன்னாரா மேடம்?”

“எது போகும், எது நிக்கும்னு தெரியாதுன்னு சொன்னார்.”

“அப்ப நிக்கறதும் இருக்குல்ல? சரி, வந்தவருக்கு வேற மாடல் குடுப்போம். ஜாஸ்தி விலையா இருந்தாலும் பரவால்ல. இன்னும் எத்தன பேர் வந்தாலும் குடுப்போம். வராதவங்கள நாம ஏன் தேடிப் போகணும்? இந்த ரோட்ல பழைய சர்ப்ளஸ் சரக்கு வெச்சிருக்கறது நாம மட்டுமா? எல்லாரும் சத்தமில்லாம வித்துட்டுதான் இருக்காங்க. நாம போய் வாயத் தொறந்தா மொத்த யாவாரத்துக்கும் பேர் கெட்டுடும். பக்கத்துக் கடைக்காரன் நம்ம மூஞ்சில முழிப்பானா?”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இன்னொண்ணு. மேல்விஷாரம் பொண்ணுங்களுக்கு போன் பண்ணது நீங்கதான். இந்த ஸ்டாக்கத் தூக்கிட்டா அந்தக் கடைய எத வெச்சித் தொறக்கறது? அவங்ககிட்ட இன்னா சொல்லப் போறீங்க?”

அங்கேதான் எனக்கு அடி விழுந்தது. ஒரு பக்கம் எனக்கு முகம் தெரியாத வாடிக்கையாளர்கள். இன்னொரு பக்கம் எனக்குப் பெயரும் குடும்பமும் தெரிந்த பெண்கள். முன்பு வீட்டுக்கு அனுப்பிய அதே பெண்களிடம் மறுபடியும் பின்வாங்க வேண்டும். நல அலுவலராகப் பல ஆண்டுகள் இருந்தவளுக்கு இந்தத் தராசில் எந்தத் தட்டு கனக்கும் என்று நீங்கள் ஊகிக்கலாம். ஒரு நிமிடம் அது அப்படித்தான் சாய்ந்தது. ஏகாம்பரத்துக்காக மட்டும் ஒருவர் போய்ச் சாட்சி சொல்லிவிட்டு வந்தால் போதும், மீதியை மெல்லப் பார்க்கலாம் என்று மனம் வழி தேடியது.

ஆனால் என்ன சாட்சி சொல்வது? அவர் கமிஷன் வாங்கவில்லை என்று சொன்னால், பிறகு ஏன் உங்கள் ஷூ பிய்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கு உண்மையான பதிலைச் சொன்னால், அதே ஷூ அணிந்து நிற்கும் மற்றவர்களுக்கும் மாற்றித் தரவேண்டும். அவர்களுக்குத் தந்தால், இங்கே அடுக்கில் இருப்பதை விற்கமுடியாது. முதல் வாக்கியத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள வழியில்லை. இன்னொன்றும் தோன்றியது. நம்மிடம் கறுப்பு ஷூ வாங்கியவர்களில் அநேகமாக எல்லாரும் நீண்ட நாள் வேலையில்லாமல் இருந்துவிட்டு அப்போதுதான் ஓர் இடத்தில் நிற்கத் தொடங்கியவர்கள். சோல் பிய்ந்தால் மேலதிகாரி ஷூவைக் குறை சொல்வதில்லை. போட்டிருப்பவரை அலட்சியமானவர் என்பார். மேல்விஷாரம் பெண்கள் எந்த நிலையில் இருந்தார்களோ அதே நிலையில் இருந்தவர்கள்தான் இவர்களும்.

அப்போது கதவருகில் கலைவாணியின் குரல் கேட்டது. எவ்வளவு நேரமாக நின்றிருந்தாளோ தெரியவில்லை.

“பாய், அந்த ரேக் அங்க இருந்தா நான் வித்துடுவேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. எடுக்கறதுன்னா இப்பவே எடுத்துடுங்க.”

“எடுத்துட்டா உனக்கே வேல இருக்குமோ இருக்காதோ, தெரியுமா?”

“தெரியும். அதுக்குன்னு அந்த சார் மாரி இன்னும் பத்து பேர் வந்து என் மூஞ்சிக்கு நேரா ‘நீ குடுத்தா பயமாக் கீது’ன்னு சொல்லணுமா?”

ஜுனைத் பாய் என்னைப் பார்த்து, “நோன்பு நேரத்துல நல்லா மாட்டிவிட்டீங்க மேடம்” என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

கூட்டம் நிறைந்த கடையில் ஓர் அடுக்கை முழுவதுமாக இறக்குவது எல்லார் கண்ணிலும் படும் காரியம். ஏன் எடுக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். “சோல் சரியில்லண்ணா, வேற பாருங்க” என்றாள் கலைவாணி. ஒரு குடும்பம் கையில் வைத்திருந்த வேறு மாடலையும் கீழே வைத்துவிட்டு வெளியேறியது. கல்லாவின் முன் ஓர் இளைஞர் அந்தக் கறுப்பு ஷூப் பெட்டியோடு பணத்தை நீட்டிக்கொண்டிருந்தார். ஜுனைத் பாய் பெட்டியைத் தாமே திரும்ப வாங்கினார்.

வேறு மாடல் ஷூக்களைப் பல அளவுகளில் காரில் ஏற்றிக்கொண்டு, ஏகாம்பரத்தையும் அழைத்துக்கொண்டு நானும் ஜுனைத் பாயும் அன்றே மருத்துவமனைக்குப் போனோம். பக்கவாசலில் காவலர்கள் பணி மாறும் நேரம். சூப்பர்வைசர் முப்பது வயது மதிக்கத்தக்கவர். எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க யாரு? இந்த ஆளுக்கு ஜாமீனா?”

“கடை என்னுது” என்றார் ஜுனைத் பாய். “இவரு எங்ககிட்ட எதுவும் வாங்கல. சரக்கு கெட்டுப்போச்சு. தப்பு எங்களுது.”

“எல்லாக் கடைக்காரனும் இப்படித்தான் சொல்லுவான். நானும் உங்க கடையிலதான் வாங்கினேன். எனக்கு நல்லாதானே கீது?” சூப்பர்வைசர் ஒரு காலைத் தூக்கிக் காட்டினார். அதே கறுப்பு ஷூ.

“கொஞ்சம் கழட்டிக் குடுங்க.”

அவர் சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். ஜுனைத் பாய் அதை இரு கைகளாலும் பிடித்து, முனையும் குதிகாலும் நெருங்கும்படி வளைத்தார். நல்ல சோல் ரப்பர்போல் வளைந்துவிட்டு நிமிர்ந்துகொள்ளும். இது ‘படக்’கென்று குறுக்கே பிளந்தது. துகள்கள் அவர் வெள்ளைச் சட்டையின் கைமடிப்பில் விழுந்தன. ஒரு வியாபாரி தான் விற்று முடித்த, யாரும் குறைசொல்லாத ஒரு பொருளை வாடிக்கையாளரின் கண்முன்னால் தானே உடைத்துக் காட்டியதை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

காவலர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். ஒற்றைக் காலில் நின்ற சூப்பர்வைசர், “யோவ், நான் இப்ப எதப் போட்டுகினு ட்யூட்டி பாக்கறது?” என்றார்.

“கார்ல வேற இருக்கு, சைஸ் சொல்லுங்க” என்றார் ஜுனைத் பாய்.

ஏகாம்பரம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சூப்பர்வைசரின் எதிரில் போய் நின்றார்.

“இப்ப சொல்லு. எவ்ளோ வாங்கினேன் நானு?”

சிரிப்பு அடங்கியது. சூப்பர்வைசர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

“விடுண்ணே” என்றார்.

“எல்லார் எதிர்லயும்தானே கேட்ட? எல்லார் எதிர்லயும் சொல்லு.”

“நீ எதுவும் வாங்கலண்ணே. நான் பேசினது தப்பு. மேனேஜர் காதுக்கு இது போவாது. போதுமா?”

அதன்பிறகே ஏகாம்பரம் காரருகே வந்து தன் அளவைச் சொன்னார். மறுநாள் மேனேஜர் வந்தார், வாசலைப் பார்த்தார், போனார். ஏகாம்பரம் அதே வாசலில் தொடர்ந்து பணியில் இருந்தார்.

இந்த நிகழ்ச்சியை இங்கேயே முடித்துவிட்டால் கேட்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் நீங்கள் இத்தொழிலில் நீடிக்கப்போகிறவர்கள். மீதியும் உங்களுக்குத் தெரியவேண்டும்.

இந்த மாடல் வாங்கியவர்கள் திரும்பக் கொண்டுவரலாம் என்று கடை வாசலில் எழுதி வைத்தோம். பக்கத்துக் கடைக்காரர்கள் இருவர் வந்து ஜுனைத் பாயைத் திட்டினார்கள். “நீ நல்லவனா நடிக்கறதுக்கு எங்க யாவாரத்துல ஏன்பா மண்ணு போடற?” என்று ஒருவர் கேட்டார். அது வெறும் பொறாமைப் பேச்சு அல்ல. அவர்களும் மந்தத்தில் நொறுங்கி, அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தவர்கள். அந்தப் பெருநாளுக்கு எங்கள் விற்பனை எதிர்பார்த்ததைவிடக் கம்மி. கலைவாணியின் வேலை எப்படியோ தப்பியது. மேல்விஷாரம் கடை திறக்கப்படவில்லை.

அங்குள்ள பெண்களுக்கு நானே போன்செய்தேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பெரும்பாலோர், சரி மேடம் என்று வைத்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும் சொன்னாள்: “அப்ப எங்க சம்பளத்துல அவங்களுக்கு ஷூ வாங்கிக் குடுத்தீங்க. நல்லாயிருங்க மேடம்.”

மறுபடியும் அந்த நிலை வந்தால் அதே முடிவைத்தான் எடுப்பேன். எனினும் சரியான முடிவு என்பதால் அது யாரையும் காயப்படுத்தவில்லை என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியாது. நியாயமாக நடந்தால் வியாபாரம் தானாகப் பெருகும் என்று பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். சில நேரம் பெருகும், சில நேரம் அந்த ஆண்டில் பெருகாது. மேல்விஷாரம் கடை ஓராண்டு தாமதித்துத் திறந்தபோது அழைத்தவர்களில் சிலர் வந்தார்கள். போனில் அப்படிப் பேசியவள் வரவில்லை. கைப்பை தைக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

தொழில் மீளும் காலத்தில் வாடிக்கையாளர் சேவை ஏன் முக்கியம் என்று என்னிடம் கேட்கிறார்கள். போன வாடிக்கையாளரைத் திரும்பப் பிடிப்பதற்காக என்று சொல்வது வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் அந்தக் காலத்தில் நம் கடைக்குள் வருபவரும் மீண்டு வந்துகொண்டிருப்பவர்தான் என்பதை நான் அதற்கு முன்னால் வைப்பேன். அவருக்குக் கிடைத்த புதிய வேலையில், புதிய இடத்தில் அவர் இன்னும் ஊன்றவில்லை. சாதாரண காலத்தில் ஒரு பிய்ந்த ஷூ வெறும் எரிச்சல். மீட்சிக் காலத்தில் அது ஒருவரின் நேர்மையைப் பற்றிய சந்தேகமாகவே மாறிவிடக்கூடும். அதை நாம் வாசலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு பார்க்க முடியாது. கனிவாகப் பேசுவது நல்லதுதான், பேசுங்கள். கனிவாகப் பேசி எதைக் கொடுக்கிறோம் என்பதையும் திருப்பிப் பாருங்கள்.

அந்தப் பருவத்துக்குப் பிறகு நம் கடைகளில் சில நடைமுறைகள் மாறின. ஒவ்வொரு பெட்டியின் மேலும் தயாரித்த மாதமும் ஆண்டும் ஒட்டப்படுகின்றன. வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த ஜோடியை அவர் கண்ணெதிரே வளைத்துக் காட்டிய பிறகே பில் போடுகிறோம். மாற்று ஜோடியை ஒருபோதும் அதே லாட்டிலிருந்து தருவதில்லை. குறையோடு ஒருவர் வந்தால், அவர் சொல்லி வேறு யாரெல்லாம் நம்மிடம் வாங்கினார்கள் என்று அவரிடமே கேட்டு, அன்றைக்கே அவர்களுக்கு நாமே போன் செய்கிறோம்.